டீசல் டேங்க் மூடியில் வைத்த பொட்டு

கண்ணு,

இதை நீ ஒரு இடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தமிழில் எழுதுகிறேன். கன்னடத்தில் எழுதியிருந்தால் நாலு வரியை ஓட்டமாகப் பார்த்துவிட்டு, "ஆயித்தம்மா, நோட்தீனி", சரிம்மா பார்க்கிறேன் என்று போனைக் கையில் எடுத்திருப்பாய். தமிழ் என்றால் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷமாவது ஆகும். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வேண்டும். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வியாழக்கிழமையிலிருந்து முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன். நான் டிரைவர் நாகேஷ் பெயரை எடுத்தாலே, "அந்தப் பேச்ச விடும்மா" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுகிறாய். உன் அப்பாவும் இப்படித்தான் எழுந்து போவார், தட்டைக்கூட எடுக்காமல்.

உனக்குத் தெரிந்த விஷயத்தையே முதலில் வரிசையாக எழுதிக்கொள்கிறேன். எழுதும்போது எனக்கும் தெளிவாகும். உன் லாரி தசரா முடிந்து இரண்டு வாரத்திலிருந்து இடக்குப் பண்ணுகிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால், டோல்கேட் வரிசையில் நின்றால், மார்க்கெட்டில் என்ஜினை அணைக்காமல் இறங்கினால், அப்போதுதான் கோளாறு. உறுமல் ஏறும், இறங்கும், வண்டி இரண்டு தடவை குலுங்கும், அணைந்துபோகும். நீ இரண்டு தடவை ஒர்க்‌ஷாப்பில் விட்டாய். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார்கள், ஒன்றும் காட்டவில்லை. டீசல் பில்டரை மாற்றினார்கள், ஏதோ சென்சாரை மாற்றினார்கள், வாசலிலேயே அரை நாள் உறும விட்டுப் பார்த்தார்கள். நிற்கவே இல்லை. மறுநாள் சாம்ராஜ்நகர் போகிற வழியில் நின்றது.

அப்புறம்தான் போன திங்கட்கிழமை யாரோ எடுத்த அந்த வீடியோ உன் போனுக்கு வந்தது. நஞ்சன்கூடு தாண்டி ரோட்டோரமாக வண்டி நிற்கிறது. நாகேஷ் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, டேங்க் மூடியைத் திறக்கிறான். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கேன் இல்லை, குழாய் இல்லை. ஆனால் உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டீசலை எடுக்கிறான், எடுத்ததற்கு ஈடாக எதையோ ஊற்றுகிறான், அதனால்தான் வண்டி நிற்கிறது என்று முடிவு கட்டிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கூப்பிட்டுச் சாவியை வாங்கப் போகிறாய். லாரிக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்டோவையும் போடப் போகிறாய் என்று உன் மனைவி சொன்னாள். இன்றைக்குச் சனிக்கிழமை. அதனால்தான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாகேஷ் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான், நீ இல்லாத நேரத்தில். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை. "நானு கள்ள அல்லம்மா", நான் திருடன் இல்லை என்றான். அதையே மூன்று தடவை சொன்னான். அந்த வீடியோ அவன் மனைவி கண்ணிலும் பட்டுவிட்டதாம். சரிப்பா, மூடியை எதற்குத் திறந்தாய் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலைக் கேட்டதும் எனக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று. "மூடியைத் திறந்து மூடினால் அதற்கப்புறம் கொஞ்ச தூரத்துக்கு வண்டி நிற்பதில்லை, ஏன் என்று தெரியவில்லை" என்றான். இதே வார்த்தையை நான் இருபது வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் வாயால் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு, அது உண்மை என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அப்போது நாம் இதே மைசூரில் மண்டி மொஹல்லாவில் வாடகை வீட்டில் இருந்தோம். உனக்கு ஆறு வயது. நம்மிடம் ஒரே ஒரு லாரிதான், அதுவும் இரண்டாம் கை. அந்தச் சந்துக்குள் லாரி நுழையாது, பெரிய ரோட்டில்தான் நிறுத்துவோம். கௌதள்ளி, ஹனூர் பக்கத்திலிருந்து மக்காச்சோளமும் புளியும் ஏற்றிக்கொண்டு வரும். ஓட்டியவர் மாதப்பன், கௌதள்ளிக்காரர், நம் ஆட்கள் பேசுகிற தமிழ்தான் பேசுவார். உனக்கு அவரை ஞாபகம் இருக்காது. ஹாரனை அடிக்கச் சொல்லி அவர் மடியில் உட்கார்ந்து அழுவாய், அவரும் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடிப்பார். ஆறு வருஷம் நம் வண்டியை ஓட்டினார். ஒரு உரசல் கிடையாது.

ஆயுத பூஜை என்றால் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, அது உனக்கே தெரியும். அன்றைக்கு மைசூரில் எல்லா வண்டிக்கும்தான் பொட்டு வைக்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாளே வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடும். நம் லாரியின் பொட்டு மட்டும் தீபாவளி தாண்டியும் நிற்கும். மற்ற லாரிக்காரர்கள் உன் அப்பாவிடம், "உங்க வீட்டம்மா வெச்ச பொட்டு மழைக்கும் போகாது போல" என்பார்கள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சந்தனம் குழைக்கும்போது இரண்டு ஸ்பூன் கோந்து கலந்துவிடுவேன், அவ்வளவுதான். யாருக்கும் சொல்ல மாட்டேன். ஹெட்லைட், கண்ணாடி, ஸ்டியரிங், டயர், பேட்டரிப் பெட்டி என்று ஒன்று விடாமல் வைப்பேன். அந்த வருஷம் புதிதாக டீசல் டேங்குக்கும் வைத்தேன். வண்டிக்குச் சாப்பாடு அங்கேதானே இருக்கிறது, அதை எப்படி விடுவது என்று தோன்றியது. மூடியின் நடுவில், நன்றாகத் தடிமனாக, ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். தள்ளி நின்று பார்த்து ரசித்தேன்.

இரண்டு வாரத்தில் வண்டி நிற்க ஆரம்பித்தது. இப்போது உன் வண்டி நிற்கிற அதே மாதிரி. ஓட்டத்தில் நிற்காது, நின்று உறுமும்போது நிற்கும். உன் அப்பாவுக்கு வண்டி வேலை தெரியும், ஆனால் பொறுமை தெரியாது. எப்போது நிற்கிறது, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு நிற்கிறது, டேங்க் நிறைய இருக்கும்போதா குறைந்த பிறகா என்று ஒரு கேள்விகூட மாதப்பனைக் கேட்கவில்லை. ஸ்க்ரூவைத் திருப்பி ஐட்லிங்கை ஏற்றி வைத்தார். வண்டி சும்மா நிற்கும்போதே மேடு ஏறுகிற மாதிரி கத்தியது, அப்படியும் நின்றது. பில்டரை மாற்றினார். டீசல் வருகிற குழாயின் வாஷர்களை எல்லாம் மாற்றினார். மாற்றின அன்றைக்குச் சரியாக இருக்கும், மறுநாள் பழைய கதைதான். ஒவ்வொரு சாமானையும் மாற்ற மாற்ற அவருக்குக் கோபம் ஏறியதே தவிர, கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த நேரத்தில்தான் யாரோ வந்து சொன்னார்கள், மாதப்பன் மூகூர் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு டேங்க் மூடியைத் திறந்துகொண்டிருந்தார் என்று. அப்போது வீடியோ கிடையாது, வாய்தான். மறுநாள் காலையில் லாரி ஸ்டாண்டில் பத்துப் பேர் முன்னால் உன் அப்பா கேட்டார். நான் உனக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

"மாதப்பா, நேத்து மூகூர்கிட்ட மூடியத் தொறந்தியா?"

"தொறந்தேனுங்க."

"எதுக்குத் தொறந்தே?"

"தொறந்து மூடுனா வண்டி நிக்கறதில்லீங்க. ஏன்னு தெரியலீங்க. ஆனா நிக்கறதில்லீங்க."

ஸ்டாண்டில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒருத்தர், "லாரிக்கு மூச்சு முட்டுதாமா, காத்து வாங்க விடறாராமா" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. உன் அப்பாவும் சிரித்தார், ஆனால் முகம் கறுத்திருந்தது. கையை நீட்டினார். மாதப்பன் சாவியைக் கையில் கொடுக்கவில்லை, பானெட்டின் மேல் வைத்துவிட்டு, தன் துணிப்பையை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்துபோனார். போகும்போது என்னைத் தாண்டித்தான் போனார். "வர்றேனுங்கம்மா" என்றார். நான் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் உன் அப்பா தானே வண்டி ஓட்டினார். டேங்க் மூடிக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் போட்டார், யாரும் திறக்கக் கூடாது என்று. வண்டி முன்னைவிட அதிகமாக நின்றது. அப்போதாவது யோசித்திருக்கலாம், திருடன் போன பிறகும் ஏன் நிற்கிறது என்று. உன் அப்பா வேறு மாதிரி யோசித்தார். போகிற போக்கில் டேங்குக்குள் சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்றார். டீசல் பம்பைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்தார். முதலில் ஒரு ஆளைப் பிடித்துவிட்டால், அப்புறம் நடக்கிற எல்லாவற்றையும் அந்த ஆள் தலையிலேயே கட்டிவிடலாம். அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது கண்ணு, நானும் அதை அனுபவித்திருக்கிறேன்.

பம்பு வேலை முடிந்து வந்த மறுவாரம் நாம் மூன்று பேரும் அதே லாரியில் மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்பினோம். கொள்ளேகாலில் உன் அப்பா டீ குடிக்க இறங்கினார். பேட்டரி வீக்காக இருந்ததால் என்ஜினை அணைக்கவில்லை. நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். உறுமல் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, நின்றுவிட்டது. பம்பு வேலை பார்த்தும் இப்படியா என்று எனக்கு அலுப்பாக வந்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, மாதப்பன் சொன்னது ஞாபகம் வந்தது. உன்னை சீட்டில் படுக்க வைத்துவிட்டு, டேஷ்போர்டிலிருந்து பூட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூடியைத் திருகினேன். லேசில் வரவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இறுகியிருந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகியதும் வந்தது. வரும்போது உஸ் என்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. என் கையில் அது தெரிந்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. வெளிப்பக்கம் அந்தத் துளை இருக்க வேண்டிய இடத்தில் என் சந்தனம் சிமெண்ட் மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்கு வண்டி வேலை தெரியாது. ஆனால் இது புரிய வண்டி வேலை தெரிய வேண்டியதில்லை. எண்ணெய் டப்பாவில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராமல் திணறும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். டேங்கிலிருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர வழியில்லை என்றால் டேங்கே டீசலைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேகமாக ஓடும்போது பம்பு எப்படியோ பலமாக இழுத்துக்கொள்ளும். நின்று மெதுவாக உறுமும்போது இழுக்க வலு இருக்காது, அணைந்துபோகும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்து, கொஞ்ச தூரத்துக்குச் சரியாக இருக்கும். மாதப்பன் சொன்னது அத்தனையும் சரி. பில்டர் மாற்றும்போதெல்லாம் ஒருநாள் நன்றாக ஓடியதும் இதனால்தான், டீசலைப் பார்க்கிறேன் என்று முதலில் மூடியைத் திறந்திருக்கிறார்கள். உன் ஒர்க்‌ஷாப்பிலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு மட்டும் கோளாறு தெரியாததற்கு அது ஒன்றே போதும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துத் துளையைக் குத்தித் திறந்தேன். சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். எச்சில் தொட்டு, முந்தானையால் மூடி பளபளவென்று ஆகிற வரைக்கும் துடைத்தேன். பூட்டைப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து உன்னை மடியில் எடுத்துக்கொண்டேன். உன் அப்பா வந்தார், நாலு பேரைத் தள்ளச் சொல்லி வண்டியைக் கிளப்பினார், அதற்கப்புறம் அந்த லாரி அதே மாதிரி ஒருநாளும் நிற்கவில்லை. பம்பு மெக்கானிக்கின் கைராசி என்றார். ஆமாம் என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நான் எனக்கே நிறையக் காரணம் சொல்லிக்கொண்டேன். பத்துப் பேர் முன்னால் பேசியதை உன் அப்பா எப்படித் திருப்பி வாங்குவார், அவர் மரியாதை என்ன ஆவது என்று ஒரு காரணம். சாமிக்குச் செய்ததில் குற்றம் வந்ததாகப் பேசுவார்கள் என்று ஒரு காரணம். இதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்டவை. நிஜம் சின்னது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் பொட்டைப் பற்றி ஊரே பெருமையாகப் பேசியது, அந்தப் பொட்டால்தான் வண்டி நின்றது என்றால் அந்த ஸ்டாண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும். மாதப்பனைப் பார்த்துச் சிரித்ததை நான் நேரில் பார்த்திருந்தேன். அவரைப் பார்த்து அவர்கள் சிரித்தால் எனக்கு என்ன என்று இருந்துவிட்டேன். அடுத்த வருஷத்திலிருந்து டேங்க் மூடிக்கு மட்டும் பொட்டு வைக்கவில்லை. உன் அப்பா நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்கிற வரைக்கும், யாரைப் பற்றியாவது சந்தேகம் வந்தால், "மாதப்பன் மாதிரி" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுப்பேன்.

உன் அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துக்கொள்ளாதே. அவசரக்காரர், அவ்வளவுதான். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வயிற்று வலி என்று பள்ளிக்கூடம் போக மாட்டாய். நடிக்கிறான் என்று பெல்ட்டை எடுத்தார். எனக்கு அந்தக் கிழமைதான் உறுத்தியது. பள்ளிக்கூடத்துக்கே போய்ச் செவ்வாயும் வெள்ளியும் என்ன நடக்கிறது என்று விசாரித்தேன். அந்த இரண்டு நாளும் கன்னட மேஷ்டரு போர்டில் எழுதிப் போட, பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். உனக்கு போர்டே தெரியவில்லை. எட்டு வயதில் கண்ணாடி போட்டோம், வயிற்று வலி போயிற்று. உன் அப்பா அன்றைக்குச் சாயங்காலம் உனக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்து, நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அழுதார். அவரிடம் சரியாக எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் கேட்டுக்கொள்ளக் கூடியவர்தான். உன் விஷயத்தில் சொன்னேன், மாதப்பன் விஷயத்தில் சொல்லவில்லை. நீயும் ஒன்று கோளாறானால் யார் செய்தது என்று கேட்காதே, எப்போது ஆகிறது என்று கேள்.

புதன்கிழமை மலைக்குப் போகிறேன் என்று கிளம்பினேனே, அது பாதிப் பொய். மலைக்குப் போகவில்லை, கௌதள்ளியில் இறங்கிக்கொண்டேன். விசாரித்தால் வீட்டைக் காட்டினார்கள். மாதப்பன் வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்கம்மா, பையன் நல்லாருக்கானா" என்று உன்னைத்தான் முதலில் கேட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நின்றபடியே கோந்தில் ஆரம்பித்து ஊக்கு வரைக்கும் சொல்லி முடித்தேன்.

அவர் சோளத்தைக் கையால் பரத்திக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "பொட்டுங்களா" என்றார். இன்னொரு கை சோளத்தைப் பரத்திவிட்டு, "நானும் ஓஸு, பம்பு, பில்டர்னு எல்லாத்தையும் நெனச்சுப் பாத்தேனுங்க. பொட்ட நெனைக்கல" என்றார். அதற்கப்புறம் மைசூரில் ஒரு லாரிக்காரரும் அவருக்குச் சாவி கொடுக்கவில்லையாம். ஊருக்கு வந்து கரும்பு டிராக்டர் ஓட்டியிருக்கிறார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்கம்மா ஆகுது. நான் எடுக்கலைன்னு எனக்குத்தான் தெரியுமே. உள்ள இருக்கறா, அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

உள்ளே அவர் மனைவி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். "அவரு எடுத்திருக்க மாட்டாருன்னு நான் நம்புனேனுங்க. ஆனா சண்டைன்னு வந்தா அதச் சொல்லிக் காட்டாம இருந்ததில்ல. போன மாசங்கூடச் சொன்னேன்" என்றார். நானும் கீழே உட்கார்ந்து ஒரு கைப்பிடி காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். பஸ் வருகிற நேரம் ஆனதும் அந்த அம்மாள், "சாப்பிட்டுப் போங்க" என்றார். கூப்பிட்ட மாதிரியும் இருந்தது, கூப்பிடாத மாதிரியும் இருந்தது. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இப்போது உன் லாரிக்கு வருகிறேன். இந்த வருஷம் எனக்கு முழங்கால் வலி என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன், பூஜையை உன் மனைவிதான் செய்தாள். ஆனால் சந்தனம் குழைத்தது நான். பழக்க தோஷத்தில் கோந்தைக் கலந்ததும் நான். "ஒண்ணு விடாம வை கண்ணு" என்று நாற்காலியில் இருந்தபடியே சொன்னதும் நான்தான். டேங்க் மூடிக்கு மட்டும் வைக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். இருபது வருஷமாக யாருக்கும் சொல்லாத ஒன்றை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அவள் மேல் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் வாயை நான் திறந்திருந்தால் இந்த வீட்டில் எல்லாருக்கும் அந்த மூடியைப் பற்றித் தெரிந்திருக்கும், உன் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட.

இன்றைக்குக் காலையில் நீ குளிக்கப் போன நேரத்தில், வீட்டுக்குப் பக்கத்துக் காலி சைட்டில் நிற்கிற உன் லாரியிடம் போய்ப் பார்த்தேன். மூடியில் பொட்டு இருக்கிறது. மேல் குங்குமம் மங்கிவிட்டது, சந்தனம் அப்படியே இருக்கிறது. ஊக்கு என் சேலையில்தான் குத்தியிருந்தது. கை அங்கே வரைக்கும் போயிற்று. தொடாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்குத் துடைத்தேனே, அதுதான் கண்ணு நான் செய்ததிலேயே பெரிய தப்பு. பொட்டு வைத்தது தெரியாமல் செய்தது. துடைத்தது தெரிந்து செய்தது. துடைத்ததோடு மாதப்பனுக்காகப் பேச உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உன்னுடையது கம்ப்யூட்டர் வைத்த வண்டி, வேறு ஏதாவது கூட இருக்கலாம். குழாயில் எங்காவது வெடிப்பு இருக்கலாம், டேங்குக்கு அடியில் அழுக்குச் சேர்ந்திருக்கலாம். நாகேஷ் உத்தமன் என்றும் நான் சொல்ல வரவில்லை, அவனை எனக்கு எட்டு மாசமாகத்தான் தெரியும். நான் கேட்பது ஒரு காலை நேரம்தான். நாளைக்கு அவன் வந்ததும் சாவியை வாங்காதே. அவனையே ஓட்டச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார்ந்து டி.நரசிபுரம் வரைக்கும் போ. அங்கே ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் சும்மா விடு. உறுமல் ஏறி இறங்கினால் எண்ணிக்கொண்டு காத்திரு, ஆக்ஸிலேட்டரைத் தொடாதே. அது நின்ற பிறகு இறங்கிப் போய் நீயே உன் கையால் மூடியைத் திருகு. அவனை எங்கேயும் அனுப்பாதே, உன் பக்கத்திலேயே நிற்கட்டும், அவன் காதிலும் விழட்டும்.

உஸ் என்று சத்தம் வந்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்க அவசரப்படாதே. தான் எடுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். முதலில் அவன் மனைவிக்குப் போன் போடு.

அம்மா